ஒன்பதாம் அத்தியாயத்தின் கப்பல்

— மறுபடியும் எடுத்துட்டான் பாருக்கா! படுபாவி.

— யாரு?

— அந்த நங்கூரம்தான். பேரைப் பாரேன், நங்கூரமாம். ஒரே இடத்துல உக்காந்து அடுத்தவங்க எழுதினதை அழிக்கிறதுக்குன்னே பொறந்திருக்கான்.

— ஆம்பளைன்னு உனக்கு யார் சொன்னா?

— பொம்பளைக்கு இவ்வளவு நேரம் எங்கக்கா கிடைக்கும்?

— ம்... சரி, முதல்ல டீயைக் குடி. ஆறிப்போகுது. என்னத்தை எழுதினே, என்னத்தை அழிச்சான்?

— அப்பா நமக்குப் படிச்சுச் சொல்வாரே, அந்தக் கடற்போர் வரலாறு... அதுக்கு இணையக் கலைக்களஞ்சியத்துல ஒரு பக்கம் இருக்கு. யார் வேணும்னாலும் திருத்தலாம். போய்ப் பாத்தா, நாலே நாலு வரி! அவ்வளவு பெரிய புத்தகத்துக்கு. மனசு கேக்கலை. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் சுருக்கம் எழுதிப் போட்டேன்.

— நல்லாத்தான் எழுதியிருக்கே.

— நீ எங்க பாத்தே?

— இப்பத்தான்... உன் தோளுக்கு மேல எட்டிப் பாத்தேன்.

— ஒன்பதாம் அத்தியாயம் மட்டும் நிக்கவே மாட்டேங்குது. கேளு. 'போர் முடிந்து பின்தங்கிவிட்ட கடைசிச் சிறு கப்பல், பாய்கள் கிழிந்த நிலையிலும், விடியற்காலையில் துறைமுகம் வந்து சேர்ந்தது.' இதுல என்ன குத்தம்?

— ஒரு குத்தமும் இல்ல. நடை நல்லாருக்கு.

— நடையைக் கேட்டேனா? அச்சாபீஸ்ல பிழை திருத்தித் திருத்தியே நீ இப்படி ஆயிட்டே. நான் போடறேன், அவன் எடுக்கறான். 'சான்று தேவை. பக்க எண் தருக.' இனி ஒரு தடவை போட்டா என்னைத் தடை பண்ணிடுவாங்களாம். பக்க எண் குடுன்னு உன்கிட்ட கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிக்குது. புத்தகம் உன்கிட்டதானே இருக்கு? கொண்டு வந்தியா?

— மறந்துட்டேன்டி.

— மறதியா? உனக்கா? என் மூணாங்கிளாஸ் கணக்கு மார்க்கை இன்னைக்கும் சொல்லிக் காட்டறவ நீ.

— அது மறக்கக்கூடிய மார்க்கா?

— போக்கா. ...அந்த நீலப் போர்வை ஞாபகம் இருக்கா?

— கட்டில் மேல விரிச்சா கடல்.

— தலையணை துறைமுகம்.

— அம்மாவோட பொத்தான் டப்பாவைக் கவுத்தா ரெண்டு நாட்டுக் கப்பற்படையும் ரெடி. கறுப்புப் பொத்தான் எதிரி. நீதான் எப்பவும் எதிரி.

— நானா? நீதான் என்னை எதிரியாக்கினே! பெரியவங்கிற திமிர்.

— அப்பா பஸ் டிப்போவுல இருந்து வருவார்... நகத்துல கிரீஸ். சோப்பு போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவிட்டுத்தான் புத்தகத்தைத் தொடுவார்.

— இவ்வளவுக்கும் கடலை ஒரு தடவைகூடப் பாக்காத மனுஷன்க்கா அவர்.

— ஆனா பஸ் இன்ஜினைப் பத்திச் சொல்ற மாதிரியே கப்பலைப் பத்திச் சொல்வார். 'இவனுக்குப் பின்பக்கம் வெயிட்டு ஜாஸ்திம்மா, திரும்ப மாட்டான்.'

— அதை எல்லாம் எழுதினா அவன் விடுவானா? சான்று தேவைம்பான். இரு, இன்னைக்கு நேராவே நாலு வார்த்தை கேக்கறேன். 'அன்புள்ள நங்கூரம் அவர்களே, உங்கள் வீட்டில் யாரும் உங்களுக்குக் கதை சொல்லி வளர்க்கவில்லையா?' ...அனுப்பிட்டேன்.

— ஐயோ, அனுப்பிட்டியா?

— உன் பையில என்னக்கா சத்தம்?

— ஒண்ணுமில்ல. போன்தான், மாத்திரைக்கு நேரமாச்சுன்னு ஞாபகப்படுத்துது.

— சாப்பிட்டவுடனே போட்டியே? ...இரு. இன்னொண்ணு அனுப்பறேன். சின்னதா.

— வேண்டாம்டி...

— ...இதுக்கும் மாத்திரையா?

— என்னன்னு போட்டே?

— எருமைன்னு.

— பெத்த அப்பன் இருந்திருந்தா, கூடப் பொறந்தவளை இப்படிப் பேச விட்டிருப்பாரா?

— அக்கா! நீயா? நீதான் நங்கூரமா? இத்தனை நாளா என் வரியை அழிச்சிட்டு, இங்க வந்து என் கையால டீயும் வாங்கிக் குடிக்கறே!

— சர்க்கரை கம்மி.

— சிரிக்க வைக்காதே, எனக்கு எரியுது. ஒரு போன் பண்ணிச் சொல்லித் தொலைச்சா என்ன?

— சொல்ல முடியாதுடி. அப்பாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.

— என்ன வாக்கு?

— அம்மா ஆஸ்பத்திரியில இருந்த வருஷம். நீ ரெண்டாங்கிளாஸ். நான் அந்தப் புத்தகத்தைத் தனியா எடுத்துப் படிச்சேன். ஒன்பதாம் அத்தியாயத்துல... அந்தக் கப்பல் வரலைடி. அவர் மாத்திச் சொல்லியிருக்கார். நேரா போய்க் கேட்டுட்டேன். 'ஏம்ப்பா பொய் சொன்னீங்க'ன்னு.

— என்ன சொன்னார்?

— என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டார். 'சின்னவகிட்ட மட்டும் சொல்லிடாதேம்மா. கப்பல் வந்துருச்சான்னு தினம் கேக்கறா. அம்மாவை மனசுல வெச்சுக்கிட்டுத்தான் கேக்கறா.' அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் அம்மாவும்... வரலை. அதுக்கப்புறம் நான் எந்த வாயால சொல்லுவேன்?

— வாயால சொல்லலை. அழிச்சுக் காட்டினே.

— நான்தான் வாக்குக் குடுத்தேன். நங்கூரம் குடுக்கலையே.

— ஆகா, என்ன நியாயம்!

— தப்பை அப்படியே விட எனக்குக் கை வராதுடி. நாளைக்கு எந்தப் புள்ளையாவது அதைப் படிச்சுப் பரிட்சையில எழுதும். உன்னையும் தடை பண்ணிடுவாங்க. நீ எழுதின மத்த அத்தியாயமெல்லாம் அப்பா குரல்லயே இருக்கு... அதை நீதான் எழுதி முடிக்கணும். புத்தகம் பையிலதான் இருக்கு. எடுக்கவா? மனசைத் தேத்திக்கோ, நான் அந்த இடத்தைப் படிக்கறேன்.

— வேண்டாம். நானே மாத்தறேன். 'விடியும்போது அலைமேல் பலகைகள் மட்டும் மிதந்தன. அக்கப்பலில் சென்றவருள் எவரும் கரை மீளவில்லை.' இந்தா, அடிச்சாச்சு. நீ பக்க எண்ணை மட்டும் சொல்லு.

— இருநூத்திப் பதினாலு... ஏய். நான் இன்னும் புத்தகத்தை வெளியவே எடுக்கலையே. வார்த்தை மாறாம எப்படிடி...

— அந்தப் பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படிச்சது எங்கக்கா மறக்கும்? நீ பெரிய பள்ளிக்கூடம் போயிருவே. எனக்குப் பாதி நாள்தான். தனியா என்ன பண்ணுவேன்?

— அப்ப... அப்பவே தெரியுமா உனக்கு? தெரிஞ்சுக்கிட்டேயா என்கிட்ட பக்க எண் கேட்டு உயிரை எடுத்தே?

— நீயும் ஏதாவது ஒரு எண்ணை அடிச்சு விடுவியோன்னு பாத்தேன். அப்பாவா இருந்தா யோசிக்காமச் சொல்லியிருப்பார். அவர் சொன்ன முடிவுக்கு இந்த உலகத்துல எங்கயுமே ஒரு பக்கம் இல்லையேக்கா... ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமேன்னு நெனச்சேன்.

— அது கிடக்கட்டும். கப்பல் முழுகிருச்சுன்னு தெரிஞ்சும் தினமும் ஏண்டி அவர்கிட்ட கேட்டே? அம்மா போனப்புறம்கூட, வாசல்ல அவர் செருப்பைக் கழட்டறதுக்குள்ள ஓடிப்போய்க் கேப்பியே.

— நான் கேக்காத அன்னைக்கு அவர் சாப்பிடாமப் படுத்துருவார்க்கா. 'வந்துருச்சும்மா'ன்னு என்கிட்ட சொன்னப்புறம்தான் தட்டு முன்னால வந்து உக்காருவார்.