ஒரு மணிக்கு நான்கு பேர்

பெயர்: ஷாலினி. தகப்பனார் பெயர்: பூலோகம். வயது: 25. படிப்பு: எம்.ஏ. பொருளாதாரம். வேலை: செம்பூரில் ஒரு தனியார் கல்லூரி நூலகத்தில் உதவியாளர். விலாசம்: மூன்றாவது சந்து, அறை எண் 14, 90 அடி சாலை, தாராவி, மும்பை. வாக்குமூலம் எழுதப்பட்ட இடம்: தாராவி காவல் நிலையம். நாள்: 27.02.2025, பிற்பகல் 3.15.

எனக்கு இந்தியும் மராத்தியும் எழுதப் படிக்கத் தெரியும். இதைத் தமிழில் எழுதும்படி நான்தான் கேட்டேன். நான் சொல்லச் சொல்லப் பெண் காவலர் சுப்புலக்ஷ்மி எழுதுகிறார். தமிழில் கேட்ட காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தச் சம்பவம் குறித்து 16.02.2025 அன்று மாலை பாண்ட்வாடி காவல் சாவடியில் மராத்தியில் ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். படித்துப் பார்த்துத்தான் கையெழுத்திட்டேன். அதில் பொய் இல்லை. விட்டுப்போனது இருக்கிறது.

இறந்துபோன சுடலைக்கண்ணன், வயது 34, என் அக்கா இசக்கியம்மாளின் கணவர். எனக்கு அத்தான். தாராவியில் ஒரு தோல் பட்டறையில் கட்டிங் மாஸ்டராக இருந்தார். அவருடைய தாயார் சண்முகவடிவு, வயது 61, வள்ளியூரிலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வந்திருந்தார். அவருக்குத் தமிழ் மட்டும் தெரியும். அவரை ஒரு நாளாவது ஏசி ஓட்டலில் உட்காரவைத்து, கடலைப் பார்த்துக்கொண்டு சீலா மீன் சாப்பிட வைக்க வேண்டும் என்று அத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். மும்பையில் அந்த மீனுக்கு சுர்மை என்று பெயர்.

16ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அதிகாலை ஐந்து மணிக்கு அத்தான், அக்கா, அத்தை சண்முகவடிவு, நான் ஆகிய நான்கு பேரும் வீட்டிலிருந்து கிளம்பி, பாவ்சா தக்கா படகுத்துறையில் லாஞ்ச் ஏறி, அதன் பிறகு ஷேர் ஆட்டோ பிடித்துப் பத்தரை மணிக்கு பாண்ட்வாடி கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அக்கா ஒரு தூக்குவாளியில் புளிச்சோறும் உருளைக்கிழங்கும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். காலையில் யாரும் எதுவும் சாப்பிடவில்லை.

கடற்கரையில் வரிசையாக ஓட்டல்கள் இருந்தன. அத்தான் இருப்பதில் பெரியதைக் காட்டினார். வாசலில் மெனு அட்டை தொங்கியது. சுர்மை தாலி, அதாவது அந்த மீனோடு ஒரு தட்டுச் சாப்பாடு, எழுநூற்றைம்பது ரூபாய். பாம்ஃப்ரெட் என்கிற வாவல் மீனுக்கு நேரே விலை இல்லை, அளவைப் பொறுத்து என்று இருந்தது. வெளிச் சாப்பாடு கூடாது என்று பலகை இருந்தது. நான் கைபேசியில் அந்த ஓட்டலைப் பற்றி எழுதியிருந்தவற்றைப் படித்தேன். கொடுக்கிற காசுக்குத் தகாது என்று பலர் எழுதியிருந்தார்கள். நான் அதை ஏற்றுக்கொண்டேன். ஒரு பொருளின் விலையில் எவ்வளவு பொருளுக்கு, எவ்வளவு இடத்துக்கு என்று பிரித்துப் பார்ப்பது எனக்குப் பழக்கம். படித்தது அது.

அதன் பிறகு அக்கா ஓட்டலின் கழிப்பறைக்குப் போனாள். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அத்தான் உள்ளே கவுண்டர் பக்கம் போனார். ஏசி அறை திறந்திருக்கிறதா என்று பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். வாசலில் நானும் அத்தையும் நின்றோம். கரையிலிருந்து சுமார் இருநூறு அடி தூரத்தில் தட்டையான பாறைத் திட்டு ஒன்று இருந்தது. அதுவரைக்கும் ஈர மணல். நடந்தே போகலாம். அங்கே உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிடலாம் என்று அத்தையிடம் சொன்னேன்.

அப்போது ஓட்டலில் பரிமாறுகிற ஒருவர் வெளியே வந்தார். சட்டையில் தப்ரேஸ் என்று பெயர் இருந்தது. தூக்குவாளியைப் பார்த்தார். நாங்கள் பாறையைப் பார்ப்பதைப் பார்த்தார். கையை நீட்டிப் பாறையைக் காட்டி என்னிடம் இந்தியில் பேசினார். அவர் சொன்னது இது: "உதர் மத் ஜாவோ, தீதி. பானி பீச்சே சே பர்தா ஹை. இதர் பைட்டோ." அதாவது, அங்கே போகாதீர்கள், தண்ணீர் பின்பக்கமாக வந்து நிறையும், இங்கே உட்காருங்கள். வெளியே கிடந்த பெஞ்சையும் காட்டினார். ஒரு சாயா வாங்கிக்கொண்டால் போதும், தூக்குவாளியைத் திறந்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்றார்.

எல்லாச் சொல்லும் எனக்குப் புரிந்தது.

நான் சிரித்தேன். தாதர் ஸ்டேஷனுக்கு வெளியே கையைப் பிடித்து இழுக்கிற கடைக்காரர்களிடம் சிரிக்கிற சிரிப்பு.

அதன் பிறகு அக்கா வந்து, "என்னட்டி சொல்லுதான்?" என்று கேட்டாள். "ஆள் புடிக்கான்க்கா. மொதல்ல பெஞ்சும்பான், பொறவு சாயாம்பான், பொறவு தாலிம்பான். வா போவோம்" என்றேன். அக்கா சிரித்தாள். தப்ரேஸுக்குத் தமிழ் தெரியாது. எங்கள் சிரிப்பைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அதன் பிறகு அத்தான் வந்தார். "அப்போ மீனு?" என்றார்.

"ஒரு தட்டு எழுநூத்தம்பது அத்தான். நம்ம வீட்டுப் பக்கம் சயன்ல அதே மீனு இருநூத்தம்பது."

"சயன்ல கடலு கெடையாதுல்லா."

"கடலுக்கு நீங்க துட்டு குடுப்பீயளா? அது சும்மாதான கெடக்கு."

அவர் தன் அம்மாவைப் பார்த்தார். "எம்.ஏ. படிச்ச கொழுந்தியா தீர்ப்பு சொல்லியாச்சு, இனி அப்பீல் ஏது" என்று சொல்லிவிட்டுத் தூக்குவாளியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

பதினொன்று பத்துக்குப் பாறையில் உட்கார்ந்தோம். அத்தான் இரண்டு கவளம்தான் சாப்பிட்டார். அக்கா இன்னும் வைக்கப் போனபோது, "வயித்துல எடம் கெடக்கட்டும்" என்றார். மீன் வாங்கவிடாத கோபம் என்று நினைத்துக்கொண்டேன். நான்கு பேரும் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். கடல் தூரத்தில் இருந்தது.

சுமார் பன்னிரண்டேகாலுக்கு அத்தை கை கழுவத் திரும்பினார். "ஏலே கண்ணா, போற வழியக் காணோமே" என்றார்.

பாறைக்கும் கரைக்கும் நடுவில் மணல் பள்ளமாக இருந்திருக்கிறது. தண்ணீர் இரண்டு ஓரமாகவும் வந்து அந்தப் பள்ளத்தில் நிறைந்திருந்தது. சத்தம் இல்லை. எங்களில் யாருக்கும் நீச்சல் தெரியாது.

அத்தான் முதலில் அத்தையை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு போனார். தண்ணீர் அவர் இடுப்பு வரை இருந்தது. கரையில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து அக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். அப்போது வயிற்றுக்கு மேல். அவரோடு போயிருக்கலாம். நான் போகவில்லை, தூக்குவாளியை மூடிக்கொண்டிருந்தேன். அதன் பிறகு அவர் மூன்றாவது தடவை எனக்காக வந்தார். அப்போது நெஞ்சு வரை. நடுவில் கால் தரையில் படவில்லை. "வாளிய விடுட்டி" என்றார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. விட்டேன். அவர் என்னை முதுகில் கை வைத்துக் கரைப் பக்கம் தள்ளினார். அதன் பிறகு ஒருவர் என் பின்னலைப் பிடித்து இழுத்தார். அது தப்ரேஸ். இடுப்பில் கயிறு கட்டியிருந்தார். என்னை மணலில் போட்டுவிட்டு மறுபடி தண்ணீருக்குள் போனார். வெளியே வந்தார். மறுபடி போனார். அத்தானைக் காணவில்லை.

மாலை நான்கு பத்துக்கு, தெற்கே இரண்டு கிலோமீட்டர் தள்ளி உடல் கிடைத்தது.

அத்தை அழுதுகொண்டே, "அந்த ஓட்டல்காரந்தான் கைய நீட்டி அங்கன போகச் சொன்னான்" என்றார். அவர் கண்டது கையை மட்டும். அவர் பொய் சொல்லவில்லை. அத்தானின் அண்ணன் தளவாய் சாயங்காலம் வந்து சேர்ந்து அதையே புகாராக எழுதிக் கொடுத்தார். வெளிச் சாப்பாட்டோடு வந்தவர்களைத் துரத்துவதற்காகப் பாறைக்கு அனுப்பினான் என்று அதில் இருக்கிறது. சாவடியில் என்னிடம், அந்த ஆள் பாறையை நோக்கிக் கையைக் காட்டினாரா என்று கேட்டார்கள். காட்டினார் என்றேன். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மறுநாள் தப்ரேஸைக் கைது செய்தார்கள். இன்று வரை உள்ளே இருக்கிறார்.

இதைச் சொல்லும்படி யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று இப்போது கேட்கப்பட்டது. இல்லை. சொல்ல வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். ஓட்டலிடமிருந்து நஷ்ட ஈடு கிடைத்தால்தான் அக்கா பிழைக்க முடியும் என்று தளவாய் சொன்னார். "போன உசுரு போச்சு. இருக்கவளப் பாரு" என்றார். அவர் சொல்வது நியாயமில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. நான் இங்கே கிளம்பும்போது அக்கா கதவுக்குக் குறுக்கே உட்கார்ந்திருந்தாள். நான் செருப்பு மாட்டும்வரை பார்த்துவிட்டு, காலை மடக்கிக்கொண்டாள்.

இன்னொன்று. நேற்று அத்தானின் உடைமைகளை ஒரு உறையில் கொடுத்தார்கள். சட்டைப் பையில் இருந்த ஓட்டல் சீட்டு ஒன்று காய்ந்திருந்தது. மை பரவியிருந்தாலும் படிக்க முடிந்தது. நான்கு பேர், ஏசி, ஒரு மணி, சுர்மை தாலி, முன்பணம் ஐந்நூறு. கவுண்டருக்குப் போனது அதற்காகத்தான். என்னிடம் வாதம் செய்யாமல் நடந்ததும், வயிற்றில் இடம் வைத்துக்கொண்டதும் அதற்காகத்தான். சீட்டை இத்துடன் கொடுத்திருக்கிறேன்.

தமிழில் கேட்ட காரணம்: அத்தை. நான் வாயால் சொன்னால் அவர் பாதியில் என் வாயைப் பொத்திவிடுவார். எழுத்தில் இருந்தால் விரலை வைத்து எழுத்துக்கூட்டிக் கடைசிவரை படிப்பார். கையை நீட்டியவர் போகாதே என்றுதான் சொன்னார் என்ற இடத்துக்கு அவர் தானாக வந்து சேர வேண்டும். ஒரு படி தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதைக் காவலர் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. முன்பு மராத்தியில் கொடுத்தது உண்மை. இது முழு உண்மை. தமிழில் கையெழுத்திடுவது எனக்கு இதுவே முதல் தடவை.

(ஒப்பம்)
பூ. ஷாலினி