செய்திகள், வாசிப்பது நிலா

அந்தச் சாமான மடியில வெச்சிக்கினு கஷ்டப்படாத கண்ணு. கீய வெச்சிடு, எங்காலாண்ட. நான் மிதிக்க மாட்டேன். இன்னா அது, கொடைக்கம்பி மாரி கீது... ஓ, போன மாட்டி வெச்சி வீடியோ எடுக்குறதா. அந்த வட்டமா கீறது லைட்டு. தெரியும் தெரியும், பாத்துக்கீறேன். ரங்கநாதன் தெருவுலயே கெடைக்குதா இப்ப. எல்லாந்தான் விக்கிறான் அங்க.

இஸ்கூலுக்கா. டீச்சரா நீ. காலேஜ் பொண்ணுன்னு நெனச்சேன், தப்பா எடுத்துக்காத. புதுசா சேர்றியா, நல்லாரு. புள்ளைங்கள வெச்சி சேனலு ஆரம்பிக்கப் போறியா. ம்.

இல்லம்மா, மூஞ்சி ஒண்ணும் மாறல. நாள்பூரா நின்னுக்கினே வேலை, அந்த அசதி. எங்க பிளாக்குல ஒரு பொண்ணு கீது. அது இஸ்கூல்லயும் ஒரு மிஸ்ஸு இப்டித்தான் சேனலு ஆரம்பிச்சாங்க. அது ஞாபகம் வந்துச்சி. சொல்லட்டா. பெரும்பாக்கம் போய்ச் சேர இன்னும் எம்மா நேரம் கீது, சொல்றேன் கேளு.

பொண்ணு பேரு நிலா. தோ, பஸ்ஸு பாலத்துல ஏறுது பாரு, சைதாப்பேட்ட பாலம், இந்தப் பக்கம் எட்டிப் பாரேன். வேலி போட்டு வெச்சிக்கீறாங்களே, அங்கதான் மின்ன எங்க எல்லாருக்கும் ஊடு. ஆத்தாங்கரையிலேர்ந்து பேத்து எடுத்து பெரும்பாக்கத்துல போட்டாங்க. எல்லாரும் புள்ளைங்கள அங்கயே பக்கத்துல சேத்துட்டாங்க. இந்தப் பொண்ணு மட்டும் என் பயய இஸ்கூல உட்டு வரமாட்டேன்னுச்சி. நந்தனத்தாண்ட கீது, பேரு வேணாம். டெய்லி விடிகாலைல பஸ்ஸு புடிச்சி வரும். அப்பன் கெடையாது. அம்மா மட்டும். அவளுக்கு டி நகர்ல ஜவுளிக் கடைல வேலை, பில்லு போட்ட துணிய கவர்ல போட்டுக் குடுக்குறது. ரெண்டு பேரும் ஒண்ணா பஸ்ஸு ஏறி, பொண்ணு நந்தனம் போவும், அவ டி நகர் போவா.

அது வாயிருக்கே, கண்ணு. கண்டக்டராண்ட பேசும், கீரைக்காரம்மாவாண்ட பேசும், யாரும் இல்லன்னா ஜன்னலாண்ட பேசும். தூக்கத்துல கூட ஏதோ கணக்கு சொல்லும். பஸ்ஸுல எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. செத்த வாய மூடுடின்னு அவங்கம்மா தொடையில கிள்ளுவா. கிள்ளிக்கினே சிரிப்பா.

அந்த மிஸ்ஸு பேரு ஹம்சினி. மைலாப்பூர்க்காரங்க. ஆத்துல இருக்கா, போயிண்டிருக்கேன்னு பேசுற ஊட்டுப் பொண்ணு. தங்கமான பொண்ணு, அத்த மொதல்லயே சொல்லிட்றேன். கிளாஸ்ல பெரிய ஸ்மார்ட் போர்டு மாட்டி வெச்சிக்கீறாங்க, ஆனா பிரேயர் பாட்டு போடறதோட சரி. இந்த மிஸ்ஸு வந்துதான் அதுக்கு உசுரு வந்துச்சி. எரிமலை எப்டி வெடிக்குதுன்னு போட்டுக் காட்டுவாங்களாம். அப்பால, வெள்ளிக்கெயமயானா புள்ளைங்களே செய்தி படிக்கிறதுன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. எட்டாங்கிளாஸ் செய்திகள், வாசிப்பது நிலா. வேற யாரு வாசிப்பா.

இன்னா செய்தின்னு கேக்குறியா. மாடிக் கொயாவுல தண்ணி வர்ல. லேப்புல பூன குட்டி போட்டுக்கீது, அதனால இன்னிக்கி சயின்ஸ் கிளாஸு மரத்தடில. சத்துணவு முட்ட சின்னதாயிடுச்சி, கோயியாண்ட விசாரிக்கணும். இப்டி. அத்தப் பாத்துட்டு பெரிய டீச்சரு கொயாவ சரி பண்ணிட்டாங்க, மெய்யாலுமே. அன்னிக்கி ஊட்டுக்கு வந்து குதிச்சிது பாரு. அம்மா, நான் சொன்னேன், தண்ணி வந்துச்சின்னு. அவங்கம்மாக்கு ஒண்ணும் வெளங்கல. ஆனா அவ பேசி ஒருநாளும் எங்கயும் தண்ணி வந்ததில்ல. பொண்ணப் பாத்துக்கினே குந்தினு இருந்தா.

எனக்கு எப்டித் தெரியும்னா. பக்கத்து ஊடுதாம்மா. நடுவுல ஒரு செவுரு.

அப்பால ஒரு பாடம். மயயப் பத்தி. மய, வானத்துலேர்ந்து பெய்யுமே... ஆமா, அதான். நீ சொல்றாப்ல எனக்கு வராது. எங்காளுங்க யாருக்கும் அந்த எயுத்து வராது. கடல் தண்ணி சூடாயி மேல போயி மேகமாயி எறங்குதுன்னு நிலா சொல்லணும், மிஸ்ஸு வீடியோ எடுக்கணும். நல்லாத்தான் சொல்லிக்கினு வந்துச்சி. கடைசில அதுவா ஒண்ணு சேத்துச்சி. நாங்க ஆத்தாங்கரைல இருந்தப்ப, மய பெஞ்சா உங்களுக்கு லீவு, எங்களுக்கு ஊடே இருக்காது. ஆறு உள்ள வந்து குந்திக்கும், நாங்க வெளிய போய் நிப்போம். அப்டின்னு சிரிச்சிக்கினே சொல்லிச்சி. மிஸ்ஸுக்குக் கண்ணு கலங்கிப் போச்சாம். அப்டியே போட்டுட்டாங்க.

எவனோ அத்த எடுத்தான். முயுசா எடுக்கல. மயன்னு சொல்ற எடத்த மட்டும் வெட்டி, பத்துவாட்டி ஒட்டி, பின்னால டங்கு டங்குன்னு அடிச்சி உட்டான். மய, மய, மய. அவ்ளோதான். ஆறு வந்தது, ஊடு போனது, அதெல்லாம் வெட்டிட்டான்.

நீயும் பாத்துக்கீறியா. சரி உடு. பாக்காதவங்க யாரு. அதுக்கு நீ ஏன் தலையத் தொங்கப் போட்ற.

மொதல்ல நிலாவுக்கு சந்தோஷம் தாங்கல. பஸ்ஸுல பசங்க மய பாப்பா மய பாப்பான்னு கூப்பிட்டாங்க. பாண்டி பஜார்ல யாரோ ஒரு அம்மா புடிச்சி நிறுத்தி செல்பி எடுத்துக்கினாங்க. எல்லாரும் சொல்லு சொல்லுன்னு கேக்க, இதுவும் சொல்லிக் காட்டும். கை தட்டுவாங்க. அது கொயந்த. சிரிச்சா சந்தோஷத்துலதான் சிரிக்கிறாங்கன்னு நெனச்சிக்கிச்சி.

அவங்கம்மா வேலை செய்ற கடைலயும் வந்துச்சி. சாப்பாட்டு நேரம், பொண்ணுங்கல்லாம் ஒண்ணா குந்தினு கீறாங்க. ஷகீலான்னு ஒரு பொண்ணு, சேலை செக்‌ஷன், போன நீட்டிக் காட்டுது. யக்கா இத்தப் பாரேன், வயிறு வலிக்குது சிரிச்சி. அப்பால சொல்லுது, நீ கூட இப்டித்தான பேசுவ, ஒருவாட்டி சொல்லேன். அது நல்ல பொண்ணு, வெகுளி. அதுக்கு இன்னா தெரியும். அவங்கம்மா டப்பாவுல கீற சோத்தயே பாத்துக்கினு இருந்தாளாம். எம் பொண்ணு அதுன்னு சொல்ல வாய் வர்ல. அன்னிக்கி சாயங்காலம்தான் அவளுக்கே உறைச்சிது, அந்தப் பேச்சு எங்கேர்ந்து வந்துச்சின்னு. பொண்ணு வாய்ல கீறது அவ பேச்சுதான. ஹம்சினி மிஸ்ஸுந்தான் போயிண்டு வந்துண்டுன்னு பேசுறாங்க. அத்த யாரும் வெட்டி ஒட்டலயே.

நிலா ஒருநாள் கீய எயுதிக்கீறதெல்லாம் படிச்சிடுச்சி. கமெண்டு. இதுங்களுக்கு மாடி ஊடு குடுத்து இன்னா பிரயோஜனம்னு ஒருத்தன். மத்ததெல்லாம் நான் சொல்லல, நீ பொம்பளப் புள்ள. எல்லாத்தயும் படிச்சிட்டு போன கவுத்து வெச்சிடுச்சி. அயுவல. மறுநாள்லேர்ந்து கண்ணாடி முன்னால நின்னுக்கினு நாக்க மடிச்சி மடிச்சிப் பாக்கும். போன்லயே ஒரு அம்மா சொல்லித் தராங்க, நாக்க எப்டி மடிக்கணும்னு, அத்தப் பாத்து. வாயப்பயம், வாயப்பயம், வாயப்பயம். சாப்பிட்ற நேரம் கூட அதான். அவங்கம்மா எதாச்சும் பேசுனா போதும், அப்டி சொல்லாதம்மா, ப்ளீஸ் அப்டி சொல்லாத, எனக்கு மறந்துடுதுன்னு காத மூடிக்கும். அவ ஊட்ல பேசறதயே கொறச்சிக்கினா.

ஆனா வந்துடுச்சி, கண்ணு. அந்த எயுத்து. ஒருநாள் ஓடி வந்து சொல்லிக் காட்டுச்சி, சுத்தமா, நீ சொன்ன பாரு இப்ப, அதே மாரி. அவங்கம்மாளால திருப்பிச் சொல்லிப் பாராட்டக் கூட முடியல. தலையத் தடவிக் குடுத்தா.

இஸ்கூல்ல ஒரு பங்க்‌ஷன். டிஜிட்டல் கிளாஸப் பாக்க வெளியாளுங்கல்லாம் வராங்க. நேரா சேனல்லயே ஓடுதாம், அங்க பேசப் பேச. ஹம்சினி மிஸ்ஸு வேற பொண்ணப் போடலாமான்னு கேட்டாங்க, நிலா உடல. நான்தான் படிப்பேன்னுச்சி. அவங்கம்மா கடைல லீவு சொல்லிட்டு, இருக்கறதுலயே நல்ல பொடவயக் கட்டிக்கினு போனா. மேடையில பொண்ணு நிக்குது, கையில மைக்கு. பின்னால பெரிய போர்டுல அதே மூஞ்சி. அந்தப் பாடத்தயே மறுக்கா சொல்லிச்சி. அந்த எயுத்து வரும்போதெல்லாம் கரெக்டா சொல்லிச்சி. ஒரு எடத்துல கூட பெசகல. சொல்லிட்டு அவங்கம்மாவப் பாத்துச்சி.

மேடையில ஒரு பெரிய மனுசன் குந்தினு இருந்தாரு. கெட்டவரு இல்ல. அன்பாதான் சிரிச்சாரு. எல்லாம் சரி பாப்பா, அந்த வீடியோல சொல்லுவியே, அது மாரி ஒருவாட்டி சொல்லு, அதக் கேக்கத்தான நாங்க வந்தோம்னாரு. மொத்த ஹாலும் கை தட்டுது. புள்ளைங்க, டீச்சருங்க, பெத்தவங்க, எல்லாரும். சொல்லு, சொல்லு, சொல்லு. ஹம்சினி மிஸ்ஸு வேணாம் வேணாம்னு கைய ஆட்டிக்கினு ஓடியாறாங்க. யாரு பாத்தா.

அது நின்னுச்சி. மைக்க வாயாண்ட வெச்சிக்கினு அப்டியே நின்னுச்சி. போர்டுலயும் நிக்குது, பெருசா. அப்பால மைக்க கீய வெச்சிட்டு எறங்கி வந்துடுச்சி.

அன்னிக்கி உட்டதுதான் பேச்சு.

மெய்யாலுமேதாம்மா. ஒரு வார்த்த இல்ல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போனாங்க. தொண்டைல ஒண்ணுமில்லன்னுட்டாங்க. அவளாப் பேசுவா, பேசு பேசுன்னு யாரும் நச்சரிக்காதீங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க. மிஸ்ஸு அந்த வீடியோவ எடுத்துட்டாங்க, சேனலயே மூடிட்டாங்க. வெட்டி ஒட்டுனது போவுமா. ஒண்ண எடுத்தா வேற எவனோ போட்றான். ஒருநாள் பெரும்பாக்கத்துக்கே தேடி வந்துட்டாங்க அந்த மிஸ்ஸு. லிப்டு ஓடல, எட்டு மாடி ஏறி வந்து, தரையில குந்தி அயுதாங்க. அவங்கம்மா இன்னா பண்ணுவா. டீ போட்டுக் குடுத்தா. திட்டணும்னுதான் நெனச்சிக்கினு இருந்தா, ஆனா யாரத் திட்டறது. எல்லாரும் நல்லவங்களாவே கீறாங்க.

படிக்குதும்மா, படிக்காம இன்னா. மிஸ்ஸு ஒரு ஆப் போட்டுக் குடுத்துக்கீறாங்க. வாய்ல சொல்ல வேண்டியதெல்லாம் அதுல டைப் பண்ணி அனுப்புது. நல்ல மார்க்குதான். எதிர் ஊட்டு ஜவஹர் கூட சொன்னான், உனுக்கின்னா நிலா, வாயே தொறக்காம பாஸுன்னு. வெளாட்டுக்குச் சொன்னான். சிரிச்சிது. அதுக்கும் சத்தம் இல்ல.

அதனால சேனலு ஆரம்பிக்காதன்னு நான் சொல்ல வரல கண்ணு. எனக்கு அப்டி சொல்ல வராது. அந்தப் பொண்ணு வெள்ளிக்கெயம ஆனா எப்டி ஓடும்னு பாத்தவ நான். யூனிபார்ம நானே ரெண்டுவாட்டி இஸ்திரி போட்டுத் தருவேன், மடிப்பு கலையக் கூடாது அதுக்கு. அது ஒரு சந்தோஷம். அத்த எப்டி வேணான்றது. நீயே யோசிச்சிக்கோ. நீ படிச்சவ.

ஆமா, நான்தான் போட்டுத் தருவேன். ஏன் அப்டி பாக்குற.

இரு, போனு அடிக்குது.

ஹலோ. ஆங், அம்மாதான். பஸ்ஸு ஏறிட்டேன் நிலா, மத்திய கைலாஷ் சிக்னல்ல நிக்குது. சாப்டியா. ம். ரசம் இருந்துச்சே, சூடு பண்ணிக்கினியா. ம், சரி. பக்கத்துல ஒரு டீச்சர்மா கீறாங்க, அவங்களாண்ட பேசிக்கினு வரேன். ஒன்னப் பத்திதான். கோவமா. சரி, சரி. இரு.

ஒண்ணுமில்ல கண்ணு. போன்மேல வெரலால ஒருவாட்டி தட்டுனா ஆமா, ரெண்டுவாட்டி தட்டுனா இல்ல. இப்ப வெக்க மாட்டா, நான் எறங்குற வரைக்கும் லைன்லதான் இருப்பா. நீ கண்ணத் தொடச்சிக்கோ. எந்த ஸ்டாப்புல எறங்கணும் நீ.