ரேடியோவில் வந்த செபத்தியம்மா

பவுலின்: மேல தேயிலை மலையில நிக்கிறவளுகளப் பாக்காம நடங்கண்ணே. பாத்தீங்கன்னா இன்னும் கத்துவாளுக.

றோலண்ட்: என்னத்தக் கத்துறாங்க? காத்துச் சத்தத்துல ஒண்ணும் காதுல விழல.

பவுலின்: நல்லாவே விழுது. இங்க வந்தும் நடிக்காதீங்க.

றோலண்ட்: …"என் கூடைய யாரு எடுத்தா?"

பவுலின்: அதேதான். ஞாயித்துக்கிழமையிலருந்து மலை பூரா இதே பேச்சு. காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்துல ஒருத்தி கேக்குறா, கொழுந்து நிறுக்கையில இன்னொருத்தி கேக்குறா. சின்னதுங்க போர்வையப் போத்திக்கிட்டு லயத்து வீட்டு வரிசைக் கோடியில நின்னு கேக்குதுங்க.

றோலண்ட்: அவ்வளவு புடிச்சுப்போச்சா…

பவுலின்: சந்தோசமா இருக்காக்கும்?

றோலண்ட்: இல்ல பவுலின், சத்தியமா இல்ல. ஹட்டன் பஸ்ஸுல ரெண்டு பேரு அதச் சொல்லிச் சிரிச்சுக்கிட்டே வந்தாங்க. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

பவுலின்: கொழும்புல?

றோலண்ட்: அங்கதான் ரொம்ப. வாரா வாரம் நான் எழுதுற சிரிப்பு நாடகத்துல இதுதான் ரொம்ப உசத்திங்கிறாங்க. கல்லறைத் திருநாள் வருது, ஒரு பேய விடுப்பான்னாரு எங்க ரேடியோ ஐயா. சரின்னு நாடகத்துல வர்ற கொழும்புக் குடும்பத்த லீவுக்கு மலைநாட்டு பங்களாவுக்கு அனுப்பினேன். அங்க செத்துப்போன ஒரு கொழுந்துக்காரி ராவுல வந்து… பெரட்டுக்கு நேரமாச்சு, கூடையக் காணோம்னு…

பவுலின்: எனக்கே கதை சொல்றீங்களா?

றோலண்ட்: இல்ல… இந்தத் தோட்டத்துப் பேச்ச எங்க புடிச்சேன்னு கேட்டாங்க.

பவுலின்: என்ன சொன்னீங்க?

றோலண்ட்: யாரோ ஒரு கிழவி பேசுனதக் கேட்டு எழுதினேன்னு…

பவுலின்: யாரோ ஒரு கிழவி.

றோலண்ட்: வாயில வேற வரல. நான் லயத்துப் புள்ளைன்னு அங்க யாருக்கும் தெரியாது.

பவுலின்: அம்மா காய்ச்சல்ல புலம்புனப்ப நீங்க வரல. தலைமாட்டுல நானும் அப்பாவும்தான். விடிய விடியக் கூடையத்தான் கேட்டுச்சு. அதுதான் அது பேசுன கடைசிப் பேச்சு.

றோலண்ட்: நீ சொல்லித்தானே எனக்குத் தெரியும். பேசிக் காட்டினே. நானும் அழுதேன், நீயும் அழுதே. அப்புறம் எப்படியோ ரெண்டு பேருமே சிரிச்சோம்…

பவுலின்: அத இப்ப எடுக்காதீங்க.

றோலண்ட்: சரி. அப்பா எங்க?

பவுலின்: காலையிலயே கல்லறைக்குப் போயிட்டாரு, சிலுவைக்குச் சுண்ணாம்பு அடிக்க. அவருகிட்ட போறதுக்கு முன்னால உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அதுக்குத்தான் பஸ் நிக்கிற சந்திக்கே வந்தேன்.

றோலண்ட்: பயமுறுத்தாத.

பவுலின்: பேய எழுதுறவருக்குப் பயமா? …ஞாயித்துக்கிழமை தேயிலை பேக்டரி டீமேக்கர் ஐயா ரேடியோவ ஜன்னல்ல எடுத்து வச்சாரு. நம்ம றோலண்ட் நாடகம்னு லயமே வாசல்ல உக்காந்திருக்கு. இதெல்லாம் முந்தின வாரமே பேசி ரெக்கார்டு புடிச்சு வச்சிருவாங்கன்னு ஐயா விளக்கம் வேற. நோர்வூட்லருந்து சுகிர்தத்தம்மா வந்திருந்தாங்க, அவங்களுக்கு மட்டும் நாற்காலி.

றோலண்ட்: லோரன்ஸோட அம்மாவா?

பவுலின்: ஆமா. எனக்கும் அவருக்கும் கல்யாணத்துக்கு நாள் குறிக்க வந்தாங்க. வந்ததுமே அப்பாகிட்ட கேட்டாங்க, ஆம்பளைப் புள்ள ரேடியோவுல கூத்தடிக்கிறது போகட்டும், பொண்ணுக்கு அந்தப் பழக்கம் ஒண்ணும் இல்லையேன்னு. இருந்தா இந்தச் சம்பந்தமே வேணாமாம். அப்பா இல்லவே இல்லன்னுட்டாரு.

றோலண்ட்: அப்புறம்?

பவுலின்: அப்பத்தான் நாடகத்துல பேய் வந்துச்சு. கூடையக் கேட்டுச்சு. எல்லாரும் சிரிக்கிறாங்க. அப்பா திடீர்னு எந்திரிச்சாரு. ரேடியோவப் பாத்துக் கையக் கூப்பிக்கிட்டு, 'என்கிட்டதான் இருக்கு செபத்தி, நீ படு'ன்னாரு.

றோலண்ட்: ஐயோ…

பவுலின்: அம்மா சாகையில அப்பா சொன்ன அதே வார்த்தை. அதுக்கப்புறம் சிரிச்ச சிரிப்பு பேய்க்கு இல்ல, அப்பாவுக்கு. பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு அக்கா தரையில உருளாத குறை. சுகிர்தத்தம்மா முந்தானைய வாயில வச்சு அமுக்கிக்கிட்டாங்க. எனக்கு அந்த எடத்துலயே செத்துப்போகலாம் போல வெக்கமா இருந்துச்சு.

றோலண்ட்: நான் எழுதுனதுன்னு அவருக்குத் தெரியுமே.

பவுலின்: தெரியும். மகன் எழுதுன எடத்துல அவ வந்து நுழைஞ்சிட்டாங்கிறாரு. மோட்சத்துக்குப் போக முடியாம உத்தரிக்கிற ஸ்தலத்துல கெடந்து அலையிறாளாம். இன்னைக்கு கல்லறைய மந்திரிச்சு ஆசீர்வதிக்க நம்ம கோயில் சாமியார் வருவாருல்ல, எல்லார் முன்னாலயும் சொல்லி அவளுக்குத் தனிப் பூசை கேக்கப் போறாராம். அதப் பாக்கத்தான் லயமே கிளம்பி வருது. சுகிர்தத்தம்மாவும் இன்னும் ஊருக்குப் போகல.

றோலண்ட்: திரும்பவும் எல்லாரும் சிரிப்பாங்க.

பவுலின்: சாமியாரும் சிரிப்பாரு.

றோலண்ட்: அதுக்கு முன்னால நான் சொல்லிர்றேன். அது அம்மா இல்ல, சும்மா நாடகம்னு.

பவுலின்: அப்ப அந்தக் குரல் யாருதுன்னு கேப்பாரு.

றோலண்ட்: கொழும்புல ஒரு நடிகைன்னு சொல்றேன்.

பவுலின்: நடிகையா?

றோலண்ட்: வேற என்னத்தச் சொல்ல, நீயே சொல்லு.

பவுலின்: மெல்ல. அந்தா நிக்கிறாரு.

பத்திநாதன்: யாரு, றோலண்டா? பாத்து வாப்பா, சுண்ணாம்பு காயல. கோட்டுல பட்டுரும்.

றோலண்ட்: நான் வந்து அடிச்சிருப்பேனேப்பா.

பத்திநாதன்: நீ எங்க அடிக்க… கையில மை படுற ஆளு. சாப்பிட்டியா?

றோலண்ட்: அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

பத்திநாதன்: மொதல்ல மெழுகுதிரிய நடு. காத்து ஏறுது.

றோலண்ட்: ரேடியோவுல வந்தது அம்மா இல்லப்பா. அம்மா பேசுனத நான் எழுதி வச்சேன். நாலு பேரு சிரிக்கிறதுக்காக எழுதி வச்சேன். சாகையில வந்து பாக்காதவன், செத்தப்புறம் அதோட வார்த்தைய எடுத்துக்கிட்டேன். உங்க மூஞ்சியப் பாக்க எனக்கு வெக்கமா இருக்கு.

பத்திநாதன்: …பேசுனது யாரு?

றோலண்ட்: கொழும்புல ஒரு… நடிக்கிறவங்க.

பத்திநாதன்: நல்லாப் பேசுனா. செபத்தியோட இழுவை அப்படியே இருந்துச்சு.

றோலண்ட்: அவங்க பழக்கமானவங்க, எதையும் ஒரு தரம் சொல்லிக் குடுத்தா…

பவுலின்: போதும்ணே. அப்பா, நான்தான்.

றோலண்ட்: பவுலின்…

பவுலின்: கொழும்புல கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குன்னு சொல்லிட்டு அண்ணன்கிட்ட போனேன்ல, அப்பத்தான். பேச வேண்டிய பொம்பளைக்குத் தொண்டை கட்டிப்போச்சு. எப்படிப் பேசணும்னு காட்டத்தான் வாயத் தொறந்தேன். அங்க இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. நீயே பேசும்மான்னாங்க. எனக்கும்… எனக்கும் ஆசையா இருந்துச்சுப்பா. அம்மாவ நெனைக்கவே இல்ல. இன்னும் எப்படிப் பேசுனா இன்னும் சிரிப்பாங்கன்னுதான் நெனைச்சேன்.

பத்திநாதன்: மெதுவாப் பேசு. கீழ ஆளுங்க ஏறி வருதுக.

பவுலின்: வரட்டும். நான் செஞ்சதுக்கு நீங்க பைத்தியக்காரன்னு பேரு எடுத்துட்டீங்க. அடிக்கணும்னா அடிங்க. அந்தப் பூசைய மட்டும் கேக்காதீங்கப்பா, கால்ல விழுறேன்.

பத்திநாதன்: எந்திரி, பாவாடையில மண்ணு. …மொத வார்த்தையிலயே நீதான்னு தெரிஞ்சுபோச்சும்மா. பெத்தவனுக்குத் தெரியாதா? வெக்கமாத்தான் இருந்துச்சு, ரெண்டு பேரையும் நெனைச்சு. அதுக்குள்ள அம்மாக்கண்ணு, 'இது நம்ம பவுலின் குரலாட்டம் இல்ல? போன வாரந்தானே கொழும்பு போனா'ன்னு ஆரம்பிச்சா. சம்மந்தியம்மா அவ பக்கம் திரும்புனாங்க. எனக்கு யோசிக்க நேரமில்ல, எந்திரிச்சு நின்னு செபத்தியக் கூப்பிட்டுட்டேன். எல்லாரும் கெழவனுக்குக் கிறுக்குன்னு என்னப் பாத்தாங்க, உன்ன மறந்தாங்க. ஆனா அத்தனை பேருல நீ ஒருத்திதான் சிரிக்கல, அந்தம்மா அதக் கவனிச்சாங்க. சாமியார் வந்ததும் நான் பூசை கேப்பேன். நீ கண்ணத் தொடச்சுக்கிட்டு, அந்தம்மா பக்கத்துல போயி நின்னு, எல்லாரோடயும் சேந்து நல்லாச் சிரி.