மஃரிபுக்குப் பிறகு இணக்கம்

— வட்டிலப்பம் செய்ய ஏலாட்டி பிஸ்கட்டாவது எடுத்து வை, ஸுஹைறா. மஃரிபு தொழுத கையோட வந்துருவாங்க.

— ஆராரு?

— எங்கட கெம்பஸ் டீன். அதோட கமீலாட வாப்பா, அவர்ர மச்சான்.

— கமீலா?

— அவள் எதுக்கு? படிக்கிற சின்னப் புள்ள. பெரியாக்கள் கதைச்சி முடிக்கிற விசயம்.

— அறைக்குள்ள கதவச் சாத்திட்டு அவள்ற கையப் புடிக்கக்குள்ள டீனுக்கு அவள் சின்னப் புள்ளையாத் தெரியல்ல போல.

— மெல்லக் கதை.

— கெம்பஸ்ல விசாரணைக் குழு இரிக்கிதானே? உபவேந்தர் நீங்க. அங்க வெச்சி விசாரிங்களன்.

— விசாரிச்சா பேப்பர்ல வரும். கெம்பஸ்ட பேர் கெடும்.

— ம். பள்ளிவாசல் தலைவரையும் கூப்பிட்டீங்களே, வாறாரா?

— இல்ல. "சேர், இது பொலிசுக்குப் போற விசயம், பள்ளி கை வைக்காது" எண்டுட்டார்.

— ஒங்கட புத்தகத்த வாசிச்சிருப்பார்.

— நக்கல் வேணாம்.

— நக்கலில்ல. அந்தப் புத்தகத்துக்காக பொத்துவில்ல இருந்து மருதமுனை வரைக்கும் மோட்டார்சைக்கிள்ள என்னப் பின்னால ஏத்திக்குத் திரிஞ்சீங்க. ஆம்பிளைக்கிட்ட பொம்புளையள் கதைக்க மாட்டாங்க எண்டு நான்தான் குசினி குசினியாப் போய்க் கேட்டன். மறுகா நீங்க எழுதினீங்க. பெரிய மனிசன்ட ஊட்டுக்கு ரெண்டு பகுதியையும் கூப்பிட்டு, தேத்தண்ணி குடுத்து, ஸலவாத்து ஓதி, பொம்புளட வாயப் பொத்துறாங்க எண்டு. அதுக்குத்தானே கலாநிதிப் பட்டம் தந்தாங்க?

— அது ஆய்வு. இது நிர்வாகம். சமூகவியல் ரீதியாப் பாத்தா, ஒரு நிறுவனம் எண்டா...

— அத மட்டும் சொல்லாதீங்க.

— ஒனக்கு விளங்காது. உபவேந்தர் பதவிக்கு மூணு பேர்ட பேர் கொழும்புக்குப் போகக்குள்ள என்ட பேர மேல போட வெச்சது ஆரு? டீன். பேரவையில அவர்ர ஆக்கள் இல்லாட்டி நான் இந்தக் கதிரையில ஒரு கிழம இரிக்கேலா.

— தெரியும். அமைச்சர்ட வாசல்ல நீங்களும் அவரும் செருப்பக் கழட்டிப் போட்டுட்டு நிண்ட படத்தப் போன்ல காட்டினீங்க. பொண்ணு பாக்கப் போன மாப்பிள மாதிரி சிரிச்சிக்கு.

— அப்பிடி நிண்டாத்தான் இஞ்ச ஒரு ஆள் மேல வரலாம்.

— சாய்ந்தமருதுல ஒரு உம்மா என்ட கையப் புடிச்சிக்கு கேட்டா, "இத எழுதினா எங்களுக்கு என்ன புள்ள கிடைக்கும்?" எண்டு. நான் சொன்னன், அவர் பெரிய ஆளா வந்தா செய்வார் எண்டு. வந்துட்டீங்க.

— செய்யத்தானே போறன். கெம்பஸ்ல குடுத்த முறைப்பாட்டத் திருப்பி எடுத்தா அவள்ற றிசல்ட் நாளைக்கே வெளிய வரும். மேல்படிப்புக்கு நானே சிபாரிசு செய்வன். ஒரு ஏழப் புள்ளைக்கு இதவிட என்ன வேணும்?

— றிசல்ட்ட மறிச்சது ஆரு?

— நடைமுறைத் தாமதம்.

— நேத்து விறாந்தையில நிண்டு அவள்ற வாப்பாக்கு கோல் எடுத்தீங்க. "மகள் பட்டம் எடுக்கிறதும் எடுக்காததும் ஒங்கட கையில" எண்டீங்க. நிந்தவூர்ல மீன் விக்கிற மனிசன். அவருக்கு நடைமுறைத் தாமதம் எண்டு சொல்லல்லியே.

— ஒட்டுக் கேட்டியா?

— என்ட ஊட்டு விறாந்த. கேக்கும்தான்.

— ஓம், சொல்லிக் காட்டு. சீதன ஊடு எண்டு.

— என்ட வாப்பா வயல வித்து எனக்குக் கட்டித் தந்த ஊடு. இதுல வெச்சி அந்தப் புள்ளட வாயப் பொத்த நான் தேத்தண்ணி ஊத்தமாட்டன்.

— ஊத்தாத. கடையில எடுப்பிக்கன். நீ அறைக்குள்ள போய் இரி, வெளிய வராத.

— போன்ல என்ன பாக்கீங்க?

— டீன் எடுக்காரில்ல. கமீலாட வாப்பாவும் எடுக்காரில்ல. பாங்கு சொல்லி எவ்வளவு நேரம்.

— அவங்க வரமாட்டாங்க.

— ஒனக்கு எப்பிடித் தெரியும்?

— விடிய நான் எங்க போன?

— ராத்தாட ஊட்ட எண்டாய்.

— பொலிசுக்குப் போன. கமீலாவும், அவள்ற உம்மாவும், நானும். ரெண்டு முறைப்பாடு எழுதினாங்க.

— ரெண்டா?

— அவள் டீன்ட பேரச் சொன்னாள். நான் ஒங்கட பேரச் சொன்னன்.