வளவுக்குள்ள நிக்கிற போட்

...சொல்றத்தச் சொல்லிட்டன் தம்பி, இனி ஒங்கட விருப்பம். ஏணி கவனம், படி ஆடும். இந்தப் போட்ல ஆடாத சாமான் எண்டு ஒண்டு இல்ல. தரையில நிக்கக்குள்ளயே உள்ளுக்குத் தண்ணி நிக்கிது, கடல்ல விட்டா என்ன கதி எண்டு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

எங்கட மனிசன் துணி எடுக்கப் புத்தளம் போயிட்டாரு. சிலாபத்தில இருந்து ஒரு தம்பி போட் வாங்க வருவாரு, நான் வாறத்துக்குள்ள வந்தா காட்டு எண்டுட்டு என்ட தலையில போட்டுட்டுப் போயிட்டாரு. காட்ட என்ன இரிக்கி, நீங்களே ஏறிப் பாருங்க. நான் கீழ நிண்டு கதைக்கிறன்.

ம்... போட் சுவத்தத் தட்டித் தட்டிப் பாக்கிறீங்க, தேங்கா வாங்கிற மாதிரி. நல்லாக் காதக் குடுத்துக் கேளுங்க. ஊறிப்போன சத்தம் தானே? இல்லியா? எனக்கு இங்க அப்புடித்தான் கேக்கிது.

இது எப்புடி எங்கட வீட்டு வளவுக்கு வந்திச்சு எண்டு கேக்க மாட்டீங்க, பரவால்ல, சொல்றன். இவர்ட வாப்பா மன்னாரில தையக்காரன். இவரு, செய்னுலாப்தீன், இங்க கண்டக்குழியில தையக்காரன். நாட்டில சண்ட முடிஞ்ச கையோட வெள்ளக்காரன் டொல்பின் பாக்க வர வெளிக்கிட்டான். ஊரே போட் இறக்கிச்சு. நம்ம மனிசனுக்கும் ஆச வந்திச்சு, ஆரோ வித்த இந்த அறை வெச்ச போட்ட வாங்கிட்டாரு. முத நாள், கரை கண்ணுக்குத் தெரியக்குள்ளயே குடல் வெளிய வாற மாதிரி சத்தி எடுத்திரிக்காரு. ஒரு வெள்ளக்காரிதான் முதுகத் தடவிக் கரையில கொண்டு வந்து சேத்தது. டொல்பின் பாக்க வந்தவங்க இவரப் பாத்துட்டுப் போனாங்க. அண்டைக்கு வளவுக்குள்ள ஏத்தின போட், இண்டைக்கும் கட்டையில நிக்கிது.

என்ன, எஞ்சின் எண்ணெயப் பாக்கிறீங்களா? பால் தேத்தண்ணி நிறத்தில இருந்தா தண்ணி போயிரிக்கி எண்டு அர்த்தமா? அதுக்குள்ள போயிரிக்காது தம்பி. எஞ்சினுக்குக் கிட்ட நான் போறதே இல்ல. அதாவது... பொம்புளயளுக்கு எஞ்சினோட என்ன வேல எண்டு சொல்ல வந்தன்.

அத விடுங்க. அடிப் பலகையத் தூக்கிப் பாருங்க. ஆ, பாத்தீங்களா, கணுக்கால் மட்டத்துக்கு நிக்கிது. முந்தி நீர்கொழும்பால ஒருத்தரு வந்தாரு. அதப் பாத்துட்டு இறங்கினவரு தேத்தண்ணி கூடக் குடிக்கல்ல. சொன்னா விளங்கிற மனிசன். நீங்க என்ன, விரல விட்டு... தம்பி, நாக்குல வெக்கிறீங்களே. கோழி ஏறுற இடம் அது.

உப்பு இல்லியா?

உப்பில்லாட்டி என்ன, மழைத் தண்ணியா இரிக்கும். மேலால ஒழுகிறது... ஓம், மழை பெய்யல்லதான். தென்ன ஓல கருகி நிக்கிறது எனக்கும் தெரியிது. பனி விழுகிது தானே விடியக்குள்ள. அது சேந்து சேந்து...

எந்த வாளி? ஓ, ஏணிக்குப் பின்னால கிடக்கிறதா. அது கிணத்து வாளி. அது எப்புடி இங்க... சிரிக்க வேணாம் தம்பி.

சரி, ஊத்தினது நான்தான். ஆள் வருது எண்டு கேள்விப்பட்டா முதநாளே ஊத்திருவன். சுவத்தில கறை கறையா இரிக்கிறது தேத்தண்ணிச் சாயம், அதுவும் என்ட வேலதான். வந்தவங்க எல்லாம் பாத்த உடன ஓடினாங்க. நக்கிப் பாத்தது நீங்க ஒராள்தான்.

ஏன் எண்டு எங்கட வீட்டுக்குள்ள ஒருக்கா வந்து பாருங்க, விளங்கும். அவர்ட கூடப்பொறந்த மூத்தவ, தாத்தா உம்மு குல்சூம், எனக்கு மதினி. பிறகு அவர்ட தங்கச்சிமார், அவங்கட புள்ளையள். எல்லாம் நல்ல சனம், குற சொல்லேலாது. ஆனா மதினி சுபஹுக்கு வாயத் தொறந்தா இஷாவுக்குத்தான் மூடுவாங்க. அடுத்தவங்க ஒரு சொல்லு சொல்ல எடம் இல்ல. சிலருக்கு அந்த நோய் வருத்தம் இரிக்கி தம்பி, தாங்க கதைக்கிறது தங்கட காதுக்கே கேக்காது. அல்லா காப்பாத்தினான், எனக்கு அது இல்ல.

வீட்டில எங்கட அறைக்குக் கதவும் இல்ல, சீலதான் தொங்குது. முந்தி, மன்னாரில இருந்து எங்கள வெரட்டின காலம், அகதி முகாம்ல, ஓலக் கிடுகுக் கொட்டில்ல, சாக்கு தொங்கிச்சு. நான் வாழ்க்கப்பட்டது சாக்குக்குப் பின்னால, புள்ள பெத்தது சாக்குக்குப் பின்னால. அழுறதெண்டாலும் முந்தானைய வாயில வெச்சிட்டுத்தான் அழுகணும். இந்தப் போட் அறைக்குக் கதவு இரிக்கி, உள்பக்கம் தாப்பாள் இரிக்கி. கோழியப் பாக்கப் போறன் எண்டு சொல்லிட்டு, லுஹர் தொழுத கையோட ஏறித் தாப்பாளப் போட்டா, அசர் பாங்கு சொல்ற மட்டும் நான் ஒருத்தருக்கும் பொஞ்சாதியும் இல்ல, மதினியும் இல்ல. சும்மா கூரையப் பாத்துட்டுப் படுத்துக் கிடப்பன். எனக்கெண்டு நான் பூட்டின முதல் கதவு தம்பி இது. அதத்தான் நீங்க லொறியில ஏத்திட்டுப் போகப் பாக்கிறீங்க. எனக்கு வயிறு எரியாதா?

என்ன... என்ன சொன்னீங்க? அறை வேணாமா?

டொல்பின் பாக்கிறவங்களுக்கு மறைக்குமா. அதுவும் சரிதான், பணம் குடுத்திட்டு பெட்டிக்குள்ள இருந்து என்னத்தப் பாக்கிறது. அப்ப அறைய... போல்ட்டக் கழட்டித் தூக்கி... இங்கயே வெச்சிட்டுப் போவீங்களா? கதவோடயா?

பொறுங்க, பொறுங்க, இறங்காதீங்க. அந்தச் சுவத்த இன்னொருக்காத் தட்டுங்க. கிண்ணெண்டு கேக்கிது தானே? அதான் சொன்னன், இப்புடி ஒரு போட் இந்தக் கரையில கிடையாது. எஞ்சின் எங்கட கையில ஒரே ஒரு நாள் ஓடினது, அதுவும் பாதி வழி. அடியில ஒரு ஊசி ஓட்ட இரிக்காது. எப்புடித் தெரியும் எண்டா கேக்கிறீங்க? நேத்து அசருக்குப் பிறகு வாளி வாளியா ஊத்தினன் தம்பி, இந்தா, கீழ மணலப் பாருங்க, காஞ்சு கிடக்கு. உள்ளுக்க ஊத்தினது வெளிய வரல்ல எண்டா, வெளிய இரிக்கிற கடல் எப்புடி உள்ளுக்க வரும்?

அந்தா, மனிசன் வாறாரு, ஓட்டோச் சத்தம் கேக்கிது. அறை வேணாம் எண்டு நீங்களாவே சொல்லுங்க. நான் கொஞ்சம் சத்தம் போடுவன், இந்தப் பெட்டிக் குப்பைய வளவுக்குள்ள வெச்சு ஆரு கூட்டுறது எண்டு நல்லா ஏசுவன். நீங்க அதக் காதுல வாங்காம, கழட்டி வெச்சிட்டுப் போயிருங்க.