பன்னிரண்டரை அம்பியர்

லண்டனில் குட்மேய்ஸ் போகும் பேருந்தில் என் முன் இருக்கையில் இருந்த பெண், பக்கத்தில் இருந்த எலெக்ட்ரீசியனிடம் சொன்னாள்:

"அண்ணை, உங்கட பிரித்தல் கணக்காலதான் எங்கட வீடு இண்டைக்கும் நிக்குது."

அவர் சிரித்தார். "வீட்டுக்குள்ள கறி மணக்குமெண்டு கராஜுக்குள்ள சமைக்கிறது சரி, தங்கச்சி. ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில அடுப்பும் ரைஸ் குக்கருமோ?"

"அதிலென்ன எண்டு நினைச்சிட்டன்."

"ரெண்டும் சேர்ந்து மூவாயிரம் வாட்ஸ். அதை இருநூற்று நாப்பது வோல்ட்டால பிரிச்சா பன்னிரண்டரை அம்பியர். உங்கட வயர் தாங்கிறது பத்து."

"நீங்கள் போனில சொன்ன உடனை போய்த் தொட்டுப் பாத்தனான். வயர் கை சுட்டுது, பிளக் இளகிப்போச்சு."

"ஒரு கணக்குத்தானே. அதுக்கு இவ்வளவு நன்றியோ?"

"கராஜுக்கு மேலதான், அண்ணை, என்ர ரெண்டு பிள்ளையளும் படுக்கிறவை."

அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.