நைனா பக்கத்தில் பாறை

செஞ்சி பேருந்து நிலையத்தில் வண்டி கிளம்பக் காத்திருந்தது. எனக்கு முன் இருக்கையில் ஓர் அண்ணனும் தங்கையும். அவள் மடியில் மெழுகுவர்த்திகளும் வெள்ளைத் துணியும். அண்ணன் அப்போதுதான் போன் பேசி முடித்திருந்தார்.

"அந்த எடம் பூரா ஒரு காலத்துல நெருப்புக் கொழம்புண்ணா," என்றாள் தங்கை.

நான் சட்டென்று காலைத் தூக்கி இருக்கையில் வைத்துக்கொண்டேன். எரிமலைக்கு எதிராக ஐம்பது வயதில் என்னால் முடிந்த ஏற்பாடு அவ்வளவுதான்.

"அதுக்கு இப்ப இன்னா?"

"வெளிய வராம, பூமிக்குள்ளயே ஆறி எறுகின கல்லு அது. நம்ம கோட்டை மலை மாதிரி. கடப்பாரைக்கு அசையாது."

"கம்ப்ரசர் வெச்சி ஒடைச்சிடலாம்."

"நைனா கல்லறைய ஒட்டியா?"

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அம்மா கேட்டது அது ஒண்ணுதாம்மா. அவரு பக்கத்துல படுக்கணும்னு. சாயந்தரம் அடக்கம், குழி இன்னும் முழங்கால் ஆழம்கூட போவல."

காலை மெல்லக் கீழே இறக்கினேன்.

"நைனா குழியவே தெறந்துடலாம்ணா. எலும்ப ஓரமா ஒதுக்கிட்டு அம்மாவ வெச்சிடலாம். நம்ம ஊர்ல செய்றதுதான? ஃபாதர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாம்."

"இத்தினி வருசம் கழிச்சி அவர எழுப்பணுமா?"

"பாறைதாண்ணா எடம் குடுக்காது. நைனா தள்ளிப் படுப்பாரு."

அண்ணன் மறுபடி போனை எடுத்தார்.